கதவோடு கதவு

தூத்துக்குடியிலிருந்து குட்டியானையில்
படுக்கவைத்துக் கொண்டுவந்ததால்
இன்றைக்கு முழுக்க நிற்கட்டும்,
கரண்ட் கொடுக்காதீங்க என்றார் பிரம்மநாயகம்.
உள்ளே எண்ணெய் இறங்கணுமாம்.
என்னையும் யாராவது
அப்படிச் சொல்லியிருக்கலாம்.

தனியாக நிற்கத் தெரியாத ஃபிரிட்ஜ் இது.
முன்பக்கம் மட்டும்தான் முகம்.
விலாவெல்லாம் பூசாத தகரம், ஒட்டுநாடா, ஒரு பழுப்பு வயர்.
துறைமுகக் குடியிருப்பில்
அதற்கென்று ஓர் அலமாரி இருந்தது;
குடியிருப்போடு போயிற்று.

பெருமாள்புரத்தில் ஞானதுரை வீட்டில்
தரையிலிருந்து பரண்வரை ஒரே அலமாரி, ஐந்து தட்டு.
நாலு மாதமாக அதில்
கீழிருந்து இரண்டாவது தட்டில் மட்டும்
என் சாமான்.
"உன் ஃபிரிட்ஜ விக்காத, இதுக்குள்ள ஏத்திரலாம்."
அவராகச் சொன்னதுதான்.

பிரம்மநாயகம் டேப்பை இழுத்தார்.
வேண்டியது ஐம்பத்தாறு.
இருந்தது ஐம்பத்தைந்தரை,
கீழே இன்னும் மூணு மில்லி குறைவு.
"சுவரு வயிறு தள்ளிருக்குக்கா.
கட்டுனவன் ரசமட்டத்த அடகு வச்சிட்டு வந்திருக்கான்."

தட்டுகள் கழன்றன.
இடப்பக்கப் பலகையை உருவிவிட்டு
பாதித் தடிப்பில் வேறொன்று,
வண்ணார்பேட்டைக்குப் போய் அறுத்துவந்தது.
அதற்குள் ரெண்டு தடவை கரண்ட் போய் மூன்று டீ ஆயிற்று.
அடியில் நீளவாக்கில் ஒரு திறப்பு, உச்சியில் ஒன்று.
"கீழ ஏறுத காத்து முதுகோட போயி
மேல வெளியேறணும்.
மூச்சு முட்டுச்சுன்னா ஒரு கோடை தாங்காது."
சித்திரை மாசம்.
கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே முட்டியது.

கடைசியாகக் கதவு.
ஃபிரிட்ஜ் கதவுக்கு அதன் கீல்,
அலமாரிக் கதவுக்கு அதன் கீல்,
நடுவே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்டவாளம்.
ரெண்டும் சேர்ந்துதான் திறக்கும்,
ஒரே புள்ளியில் சுழலாது.
ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கிக்கொடுக்க வேண்டும்,
இறுக்கி முடுக்கினால்
ஸ்குரு பிய்ந்துவரும்.

அலமாரிக் கதவைக் கழற்றித் தரையில் மல்லாத்தினார்.
உள்பக்கம் நீல பால்பாயிண்டில்
சிலிண்டர் வந்த தேதிகள், 2009-லிருந்து.
இருப்பது தெரியும்தான்; நின்று வாசித்ததில்லை.
மல்லாந்து கிடக்கும்போது வாசிக்காமல் இருக்க முடியவில்லை.
வால் நீண்ட ஏழுகள்.
ஓரிடத்தில், லீக், திருப்பி அனுப்பினது.
ஓரிடத்தில், கிறிஸ்மஸ் என்று மட்டும்.
ஒரு மே மாதத்துக்குப் பிறகு கை மாறுகிறது.
ஞானதுரையின் குண்டு எழுத்து, போன மாதம் வரைக்கும்.

"இழைச்சிரட்டுமா,
இல்ல சன்மைக்கா ஒட்டி மறைச்சிரட்டுமா?"
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
என்னைத்தான் கேட்டார் பிரம்மநாயகம்.
ஞானதுரை வாசலில்
முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்படியே மாட்டுங்க."

"ஆறு ஓட்டை விழுமேக்கா."

விழுந்தது.
நாலு, வெற்றுப் பலகையில்.
ஒன்று கிறிஸ்மஸின் கால்மாட்டில்.
ஒன்று ஏதோ ஓர் ஆகஸ்டைத் தின்றுவிட்டது,
மரத்தூளைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன்,
எந்த வருசம் என்று தெரியவில்லை.

இப்போது அந்தப் பட்டியல்
ரெண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிறது.
யாரும் வாசிக்க முடியாது.
அழிக்கவும்.

எட்டாம் நாள் அடுப்பில் நீலம் மங்கியது.
"சிலிண்டர் எப்ப வந்துது?" என்றேன்.
"இரு, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்துபோய்
அலமாரியைத் திறந்தார்.

வெளிச்சம்.
தோசைமாவு, தயிர், என் கண்சொட்டு மருந்து, அரை எலுமிச்சம்பழம்.
கதவைப் பிடித்தபடியே நின்றார்,
ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கூப்பிடுகிற வரைக்கும்.

பிறகு எலுமிச்சையை எடுத்துக்கொண்டு வந்தார்,
அதற்குத்தான் போனவர் மாதிரி.