எட்டுக்கால் பூச்சிக்குக் கதவு திறந்தது

"முப்பதே நாள் மேடம், முதல் பக்கம்.
கூகுள்ல நமக்கு ஆள் இருக்கு."
பிரதீஷ் சொன்ன அந்த 'ஆள்' என்ற சொல்லில்
ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் வாடை அடித்தது.
ஐந்து ரோட்டில், மாடியில், கடுமையான ஏசி.
மாதம் பதினெட்டாயிரம், மூன்று மாதம் முன்பணம்.
பேனா மூடியைக் கழற்றியே வைத்திருந்தான்.

நான் கொசுவலைக்காரி.
பன்னிரண்டு வருடமாக
அடுத்தவர் ஜன்னல்களை அளக்கிறேன்.
அளக்காமல் விலை சொல்பவனை
எங்கள் தொழிலில் படியேற விட மாட்டோம்.
இவனோ என் கடைப் பெயரையே
இரண்டு தடவை கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன்.
கீழே தட்டுவடை செட் வண்டியில் ஆறு பேர் நின்றார்கள்.
போர்டு இல்லை, பெயரில்லை, வெப்சைட் இல்லை.
பசி தெருவில் நடக்கிறது,
அவருக்கு அது போதும்.
கொசுக்கடி அப்படி இல்லையே.
அது ராத்திரி பதினொன்றரைக்கு,
கரண்ட் போன புழுக்கத்தில்,
ஒரு கையால் காலைச் சொறிந்தபடி
மறு கையால் போனில் டைப் அடிக்கிறது.

என்ன டைப் அடிக்கிறது?

அன்றிரவு நானும் அடித்துப் பார்த்தேன்.
மேலே நின்ற மூன்று கடைக்கும் தலையில்
ஸ்பான்சர் என்று பொடி எழுத்து:
காசு கட்டி நிற்பவர்கள்.
கட்டுவதை நிறுத்தினால் மறுநாள் இருக்க மாட்டார்கள்.
அதற்குக் கீழேதான் தானாக ஏறியவர்கள்.
இதில் எந்த வரிசையை எனக்கு விற்றான் பிரதீஷ்?

என் கடை ஆறாம் பக்கத்தில் கிடந்தது.
திறந்தேன்.
'தரமே எங்கள் தாரக மந்திரம்.'
'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்.'
கொசு என்ற சொல் எங்கும் இல்லை.
சேலமும் இல்லை.
தெய்வம் கூப்பிட வேண்டிய நம்பர்
செத்துப்போன ஏர்செல் நம்பர்.

இதற்கா பதினெட்டாயிரம்?
சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது.

வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளினேன்.
'ஆணி அடிக்காம போட முடியுமா, வாடகை வீடு'
'பால்கனில பூனை தாண்டுது அக்கா'
'மணிமுத்தாறு ஓரம், ஆறு மணிக்கு மேல கதவே திறக்க முடியல'
'துவைக்கற மாதிரி வலை இருக்கா, எவ்ளோ'
நான்கு வருடமாக
எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
அவர்கள் சொன்ன சொல்லிலேயே
பக்கங்களை எழுதினேன், பூனைக்குத் தனிப் பக்கம்.
சூரமங்கலம், குகை, கொண்டலாம்பட்டி என்று
போய் வரும் ஊர் எல்லாம் எழுதினேன்.
இலவரசு மாட்டி முடித்த ஜன்னல்களைப்
படமெடுத்துப் போட்டோம்;
ஒன்றில் அவன் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

கூகுள் அனுப்புவது ஒரு சிலந்தியாம்,
பக்கம் பக்கமாக ஊர்ந்து படிக்குமாம்.
பூச்சியை வெளியே நிறுத்தியே சோறு தின்றவள்
முதல் தடவையாக
ஒரு எட்டுக்கால் பூச்சிக்குக் கதவைத் திறந்து வைத்து
உட்கார்ந்திருந்தேன்.

அவசரப்பட்டு வரவில்லை அது.
ஏழு வாரம் ஆயிற்று, மூன்றாம் பக்கம் வர.

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.
தெரியாதது எது என்று தெரிந்தது,
அதுவே லாபம்.
பிரதீஷுக்குப் போன் செய்து கேட்டேன்:
என்னதான் செய்வீர்கள், மாதாமாதம் என்ன காட்டுவீர்கள்,
நடுவில் நின்றுகொண்டால் பாஸ்வேர்டு யாரிடம்?
"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்."
வைத்துவிட்டேன்.

அஸ்தம்பட்டியில் ஷர்மிளா பானு.
ஒரு மேசை, ஒரு லேப்டாப், சுற்றாத ஃபேன்.
முதலில் அவள்தான் கேட்டாள்:
"ஒரு ஜன்னலுக்கு உங்களுக்கு என்ன மிஞ்சும்?
மழை மாசத்துல எத்தனை போன் வரும்?
இப்ப இன்னும் அம்பது வந்தா மாட்ட ஆள் இருக்கா?"
அளக்கிறாள் என்று புரிந்தது.
முதல் இடம் வருமா என்றேன்.
"தெரியாது. ஆறு மாசம் கூட ஆகலாம்.
கணக்கு எல்லாம் உங்க பேர்லயே இருக்கட்டும்."

ஒன்பதாயிரம் கேட்கிறாள்.
ஏழுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.
பேச்சுக்கு நடுவே தன் முழங்கையில்
பட்டென்று ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல்.
வலை இல்லை.
மூன்றே காலுக்கு நான்கு அடி, கண்ணளவில்.