தலைமாட்டுச் சுவர்

இரவு எட்டுக்கு ஊரடங்கு.
கோட்-டெ-நேஜ் தெருவில் பனி வழிக்கும் வண்டி மட்டும்.
எட்டேகாலுக்குக் கைபேசி அதிர்ந்தது.
பிரெஞ்சில்தான் வந்தது,
கடைப் பொடியன் வைத்துவிட்ட மொழி.
எழுத்துக் கூட்டி வாசித்தேன்:
கடந்த பதினான்கு நாள்களில்
தொற்றுள்ள ஒருவருக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள்.
இரண்டு மீட்டருக்குள். பதினைந்து நிமிடத்துக்கு மேல்.

யார் என்று செயலி சொல்லாது.
எங்கே என்றும் சொல்லாது.
அதற்கே தெரியாதாம், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம்.

சாக்கு மூடிய தலையாட்டிக்கு முன்னால்
ஒருதரம் வரிசையில் நின்றவன் நான்.
பெயர் கேட்காமலே தலை அசைந்தது,
எனக்கு முன்னால் நின்றவனுக்கு.
ஆகவே
ஆளைக் காட்டிக்கொடுக்கத் தெரியாத கருவியை
எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

பிறகு கணக்குப் பார்த்தேன்.
கோப்பை கழுவும் உணவகம் பூட்டி ஏழு கிழமை.
பாண் வாங்கப் போனது இரண்டு தரம்,
காசாளருக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடி.
மின்தூக்கியில் தனியாக.
உடுப்புத் தோய்க்கும் அறையில் யாருடையதோ ஒற்றைக் காலுறை.
அதனிடம் கைபேசி இல்லை.
லாவாலிலிருந்து தங்கை சாந்தரூபி சிரித்தாள்:
"பதினைஞ்சு நிமிசம் உன்னோடை ஆர் நிண்டு கதைச்சது?"

ஒருவரும் இல்லை.
அறிவித்தல் பிழையாக இருக்கலாம் என்பது
தொற்றைவிடக் கூடுதலாய் வருத்தியது.

அப்போது இருமல் கேட்டது.

கட்டிலின் தலைமாட்டுச் சுவர்,
நாலு விரல் தடிப்பும் இராது.
அந்தப் பக்கமும் ஒரு கட்டில்.
அந்தத் தலையணைக்குக் கீழும் ஒரு கைபேசி.
இரவிரவாக அவை இரண்டும்
இரகசிய எண்களைக் கைமாற்றியிருக்கின்றன,
நாங்கள் முதுகு காட்டிப் படுத்திருக்க.

கதவில் பெயர் இல்லை, 412 மட்டும்.
மார்கழியில் ஒருநாள் அந்த வாசலில் சப்பாத்துக் கண்டேன்,
வீதி உப்பு வெள்ளையாய்க் காய்ந்தது,
சின்ன அளவு.

இருமல். இடைவெளி. இருமல்.
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
மூன்று மணிக்கு நின்றுவிட்டது.
நித்திரையால் நின்றதா என்று
எந்தச் செயலியைக் கேட்பது?

விரல் மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு.
ஒன்றுமில்லை.
இன்னும் இரண்டு.
வெப்பக்குழாய் முனகியது.
பிறகு அங்கிருந்து
அலுத்துப்போன மாதிரி
ஒரேயொரு தட்டு.

ஒன்பதரைக்கு எனக்குப் பரிசோதனை.
தலையணையைச் சுவரோடு
இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போட்டேன்.