ஒரு புள்ளி மட்டும்

படிவத்தின் நாலாவது கட்டம் கேட்கிறது:
வழக்கம் காணப்படும் இடம். ஒரு புள்ளி மட்டும்.

விளாத்திமுறிப்புக் குளத்தில்
சிறுபோகத் தண்ணி திறக்கிற காலையில்
வாய்க்கால் காவலர் அருளம்பலம்
தண்ணி போகும் ஒழுங்கில் வயல்களைக் கூப்பிடுவாராம்.
பதினேழு பெயர்.
அவ்வளவுதான் வழக்கம்.
பறை இல்லை, மடை இல்லை,
படம் பிடிக்க ஏதுமில்லை.

போன கிழமை கச்சேரியில்
மின்விசிறிக்குக் கீழே இருத்தி, சொல்லுங்கோ என்றேன்.
மருதடி, நெடுவல், கொக்குப்பிட்டி, சின்னத்தரவை…
ஐந்தாவதில் நின்று
சீமெந்துத் தரையைப் பார்த்தார்.
'இதிலை சரிவு இல்லைப் பிள்ளை.'

இன்றைக்குத் துருசு திறந்தது.
நுரையும் செத்தையும் ஒற்றைச் செருப்பொன்றும் முன்னே வந்தன.
தண்ணி தயங்கிய இடத்தில் அவரும் தயங்கினார்.
இறக்கத்தில் இரண்டு பெயரை ஒரே மூச்சில் எறிந்தார்.
'கள்ளிமேடே!'
'ஓ' என்றது ஒரு மண்வெட்டி.
'பூவலடியே!'
'ஓ.'
'ஐயம்பிள்ளைபுலமே!'
அவர்கள் டொரொண்டோவில்.
ஒரு 'ஓ' அளவுக்கு வாய்மூடி நின்றுவிட்டுத்தான்
அடுத்ததைக் கூப்பிட்டார்.

பதினொன்றும் பன்னிரண்டும் முன்பு மாறியிருந்தனவாம்.
கண்ணிவெடி எடுக்க வந்த இயந்திரம்
திடலைக் கரைத்து வாய்க்காலை வடக்கே தள்ள
பெயர்களும் தள்ளிப்போயின.
'பழைய ஒழுங்கை எழுதட்டோ?'
'தண்ணி எப்பிடிப் போகுதோ
அப்பிடி எழுதும்.'

மேட்டுக்காணிக்காரர் மோட்டர் ஆழியைத் தட்டுகிறார்கள்.
அவர்களுக்குக் குரல் இல்லாமலில்லை;
குழாய் நேராகப் போகிறது, கூப்பிட என்ன இருக்கிறது.

பதினேழாவது உவரடி.
அதற்குக் கீழே மண் வெளுத்து உமிரி படர்ந்திருக்கிறது.
தண்ணியை அங்கே விடுவதில்லை. அவரும் நிறுத்திவிட்டு
வெற்றிலைச் சரையை அவிழ்த்தார்.
அப்பால் களப்பு, அதற்கும் அப்பால்
கரைவலை இழுப்பவர்களின் அம்பா.
அது அலையைப் பார்த்து மூச்செடுக்கிற பாட்டு,
இந்தச் சரிவு அதற்குத் தெரியாது.

எங்கே குத்துவது புள்ளியை?
துருசடியில் ஒரு பெயரும் இன்னும் பிறக்கவில்லை.
உவரடியில் எல்லாம் சொல்லியாயிற்று.
கோடு கீற முயன்றேன். திரை மறுத்தது.

திரும்பி நடந்து
ஐயம்பிள்ளைபுலத்தில், அவர் வாய்மூடிய வரம்பில்
குத்தினேன்.
துல்லியம் நாலு மீற்றர் என்றது கைப்பேசி.
தண்ணி கணுக்காலுக்கு ஏறியிருந்தது.
அந்த ஒற்றைச் செருப்பு
அங்கேதான் ஒதுங்கிக் கிடந்தது.