வெயிலைத் துடைத்தது

இடது கைதான் முதலில் கதவில் இடித்தது,
கியரைத் தேடிப் போய்.
கிராஸ் நகரத்தில் வாடகை வண்டியின் சாவி தந்த பையன்
பார்க்காத மாதிரி பார்த்தான்.

பதினேழு வருஷம்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று பழகிய கை.
கேட் தூக்கியதும்
இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே வாயில் நுழைய,
பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே
விரற்கடை விட்டு வெளியே வரத் தெரிந்த கை.
அங்கே போய்
யாருடையதோ போல மடியில் கிடந்தது.

இண்டிகேட்டர் என்று தட்டினால்
வைப்பர் ஆடும்.
மலையடிவாரம் வரைக்கும்
ஒவ்வொரு திருப்பத்திலும்
வெயிலைத் துடைத்துக்கொண்டே போனோம்.
"வலது ஓரம், வலது ஓரம்" என்று
பக்கத்தில் பெலிக்ஸ், ஜெபமாலை மணி உருட்டுகிற குரலில்.

சாலையில் கோடு போட்டிருந்தார்கள்.
கோட்டுக்குள்ளேயே எல்லோரும் இருந்தார்கள்.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினேன்.
பலகையில் ஊர்ப்பெயர்கள்,
மெய்யெழுத்து மாதிரி தலையில் புள்ளி வைத்து,
அதுவும் இரண்டிரண்டாக.
கண்ணாடியை இறக்கி
"அண்ணே, இது எங்க போவும்?" என்று கேட்க
ஒரு பஞ்சர் கடை இல்லை.
நாலாவது சுற்றில்
அழகாக இருந்த பெயருக்குத் திரும்பினோம்.
தப்பான பெயர்தான். நல்ல ஏரி.

பிறகு மலையின் வயிற்றுக்குள் எட்டு கிலோமீட்டர்.
நுழையும்போது ஒரு தேசம்,
வெளியே வரும்போது இன்னொன்று.
கணேசபுரம் சப்வே நினைப்பில்
வாசலில் வேகம் குறைத்து
உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தேன்.
பின்னால் வந்தவன் காத்திருந்தான்,
சத்தமில்லாமல்,
அது திட்டியதைவிட மோசம்.

பதினோரு நாளில் ஒரே ஒரு ஹாரன்,
அதுவும் என் முழங்கை பட்டு.
ஆப்பிள் மரத்தடியில் நின்ற ஒருத்தி
தெரிந்தவர்கள் என்று நினைத்துக்
கையாட்டினாள்.

*

ஊர் திரும்பி ஒன்பதாம் நாள்.
எண்ணூர் விரைவுச் சாலை.
துறைமுகத்தைப் பார்த்துக் கண்டெய்னர் லாரிகள்
அப்படியே வரிசையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.
தலையில் அன்னக்கூடையோடு ஒருத்தி
சாலையோரம் நின்றாள்.
என் கால் தானாகப் பிரேக்கில் போனது.
அங்கே ஒட்டிக்கொண்ட வியாதி.
போங்க என்று கை காட்டினேன்.

அவள் போகவில்லை.
அவள் பின்னால் இருந்த நாயும் போகவில்லை.
முதுகுக்குப் பின்னால் பதினாறு சக்கரம் அலறியது.
கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்:
"இன்னாமா, வண்டி நின்னுபோச்சா?"

இல்லக்கா, நீங்க தாண்டத்தான்...
ஹாரனில் அது யாருக்குக் கேட்கும்.
கூடையை இறக்கி நடைபாதையில் வைத்தாள்,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
"டேய் லூர்து, வாடா இங்க, பொம்பள ஒண்டியா நிக்குது!"
ஒரு லுங்கி மடிந்தது.
லாரியிலிருந்து ஒரு க்ளீனர் குதித்தான், வாயில் பிரஷ்ஷோடு.
டிக்கியில் ஆறு கைகள்.

பதினோரு நாள், மூன்று தேசம்,
அந்தச் சாம்பல் நிற வண்டியை
எங்களைத் தவிர ஒரு கை தொடவில்லை.

"செகண்ட்ல போட்டு கிளட்ச வுடுமா!"

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
மெதுவாகச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.
தள்ளினார்கள்.
மறுபடி சாவியைப் போட்டு
செகண்டில் விட்டேன்,
ஒரு குலுக்கல்,
பிடித்துக்கொண்டது.

ஹோ என்று ஒரு சத்தம் பின்னால்.
நன்றி சொல்ல இண்டிகேட்டரைத் தட்டினேன்.
வைப்பர் ஆடியது.