ஒன்பது எழுத்து

படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன் நான்.
காலீசியாவில், எங்கள் கழிமுகத்தில்,
எல்லாப் படகும் பெண்தான்:
கார்மிஞா, நோயெலா, சித்தி ஷோசெஃபா.
எழுத்துக்கு இரண்டு யூரோ,
நிழல் வைத்தால் மூன்று.
இருபத்தாறு வருடத்தில்
ஒரு பெண்ணுக்குச் சொந்தமான படகில்
ஒரே தடவைதான் எழுதினேன்.
அதுவும் புருஷன் போன பிறகு,
பழைய பெயரின் மேலேயே மறுபூச்சு.

பிப்ரவரிக் கடைசியில்
சிப்பி அள்ளுகிறவர்கள் கூப்பிட்டனுப்பினார்கள்.
துணி ஆறு மீட்டர்.
வாசகம் இன்னும் முடிவாகவில்லை, உட்கார் என்றார்கள்.
ஏலக்கூடத்து மாடி. முப்பது பேர்,
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

சபேலா சொன்னாள்:
பெண்ணியம் என்று எழுது.
படகில் போகிறவனுக்கு ஒரு அளவு,
இடுப்புத் தண்ணீரில் குனிகிறவளுக்கு ஒரு அளவு
என்று இருந்ததை மாற்றினோமே,
அன்றைக்கு நாம் செய்தது என்ன, ஜெபமா?

தோசிண்டா எழுந்தாள்.
சமத்துவம் என்று எழுது. யாருக்கும் உறுத்தாது.
உறுத்தாவிட்டால் எதற்கு எழுத, என்றது
பின்வரிசையில் ஒரு குரல்.
தோசிண்டா திரும்பவில்லை.
அந்த வார்த்தை
நகரத்திலிருந்து கேமராவோடு வருகிறது,
வாரியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி என்கிறது.
நல்ல கோட்டுதான். எனக்குத் தோளில் பிடிக்கிறது.

கணக்கு எழுதும் எலாடியோ,
என்னை விட்டால் அங்கே ஒரே ஆண்,
தொண்டையைச் செருமினான்.
படுக்கையில் கிடந்த மாமியாருக்கு
நாலு வருடம் கஞ்சி ஊட்டியவன்.
அளவை மாற்றச் சொன்ன மனுவில்
முதல் வரி அவன் கையெழுத்து.
நான் சமத்துவக்காரன், தெரியும் உங்களுக்கு.
அந்தப் பெயரை மட்டும் என் மேல் ஒட்டாதீர்கள்.
பெண் என்று இருக்கிறது அதில். நான் எங்கே?

விடிகாலையில் கார்மிஞாவில் ஏறும்போது
இந்தச் சந்தேகம் வந்ததா உனக்கு,
என்றாள் சபேலா.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.
அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.
உஷீயா மட்டும் சிரிக்கவில்லை.
அவன் கேட்டதில் தப்பில்லை, என்றாள்.
என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையை
போகிற இடமெல்லாம் சரளமாகச் சொல்கிறார்.
தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வரவில்லை.
கை தூக்கினார்கள்.
பதினாறு, பதினான்கு. சமத்துவம்.

எங்கள் மொழியில் அதற்கு ஒன்பது எழுத்து.
மற்றதற்கும் ஒன்பதுதான்.
எனக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை
என்று நினைத்துக்கொண்டு
நீலத்தைக் கலக்கினேன்.

மார்ச் எட்டு. மழை.
சாயம் காயவில்லை. டப்பாவும் தூரிகையுமாக
ஓரமாய் நானும் நடந்தேன்,
கரைந்தால் தொட்டுவிடலாமென்று.
மதுக்கடை வாசலில் ஒருவன்
கையில் கோப்பையோடு கத்தினான்:
பெண்ணியவாதிகளா, அடுப்பைப் போய்ப் பாருங்கள்!

துணியில் அந்த வார்த்தையே இல்லை.
எழுதாததை எப்படிப் படித்தானோ.

தோசிண்டா நின்றாள்.
கழியை எலாடியோ கையில் கொடுத்துவிட்டு
நடைபாதைக்கு ஏறிப் போனாள்.
மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பி வந்து கழிக்குக் கையை நீட்டினாள்.
என்ன சொன்னாய், என்றான் எலாடியோ.
ஆமாம் என்றேன்.
வேறே?
வேறென்ன, அதுதான்.

அவன் கழியைத் திருப்பித் தரவில்லை.
துணி தோளில் ஒட்டி
கோட்டில் இரண்டு எழுத்து
தலைகீழாகப் பதிந்திருந்தது.

கோப்பைக்காரன் என்னைத் தெரிந்தவன்.
அவன் படகில் நிழலோடு எழுதியவன் நான்.
நீயுமா, லிசார்டோ?

நான் எழுதுகிறவன் மட்டும்தான் என்றேன்.

பதினெட்டு யூரோ வர வேண்டும்.
மாதம் இரண்டாகிறது.
இன்னும் வாங்கப் போகவில்லை.