இருபத்தொன்பது யூனிட்

எரிச்சேயில் ஜனவரி என்றால் சைபர்.
மதிலுக்குள் இருநூற்றுச் சொச்சம் மீட்டர்கள்.
போன மாத எண்ணையே
இந்த மாதக் கட்டத்திலும் எழுதிக்கொண்டு நடப்பேன்.
கோடைக்காரர்கள் போன பிறகு
இந்த உச்சியில் தங்குவது
பாதிரியார், இரண்டு போலீஸ்காரர்கள்,
பாதாம் பலகாரக் கடை பெனடெட்டா,
கணக்கில் வராத பூனைகள்,
அப்புறம் மூடுபனி.

மூடுபனிக்கு மட்டும் எந்த வீட்டுக்கும் சாவி வேண்டாம்.
கடலை விட்டு எழுந்து
உப்பளங்களைத் தாண்டி மலையேறி
மதிற்கல்லில் ஃபினீசியக் கொத்தன் வெட்டிய எழுத்தை
ஒருமுறை தடவிவிட்டுச்
சந்துக்குள் நுழையும்.
அதன் பின்னால் நான்,
கம்பெனித் தொப்பியும் டார்ச்சுமாக.

பதினோராம் எண், பூர்காரெல்லா வீடு.
மூன்று வருடமாய்ப் பூட்டு.
கதவிடுக்கில் ஒரு தேர்தல் நோட்டீஸ்
தோற்றவர் சிரிப்போடு மஞ்சளாகிக் கிடந்தது.
மீட்டரின் கண்ணாடிக்குள்
அலுமினியத் தட்டு
சுற்றிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
தூங்குகிறவன் வயிறு ஏறி இறங்குவதுபோல.

மாதம் இருபத்தொன்பது யூனிட்.
வகுத்துப் பார்த்தேன்: நாற்பது வாட் பல்பு ஒன்று,
இரவும் பகலும்.
பணம் பெல்ஜியத்திலிருந்து வருகிறது, தேதி தவறாமல்.
கம்பெனிக்கு அது போதும்.
எனக்குப் போதவில்லை.

'கீழே த்ராபனியில் ஒருத்தி இருக்கிறாள்,
அவள் ஜன்னலுக்கு நேர் மேலே இந்த ஜன்னல்'
என்று சொன்ன பெனடெட்டா
அதற்கு மேல் சொல்லாமல்
மாவைப் பிசைந்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் தட்டு நின்றிருந்தது.
நான்காம் நாள் முதல் பஸ்ஸில்
அவள் வந்து இறங்கினாள்.
ஷூவின் ஓரங்களில் உப்பு பூத்திருந்தது.
சீருடையைப் பார்த்து என்னிடம் கேட்டாள்:
'கஸ்பாரே செத்துப்போய்விட்டானா?'

மனைவியா, அக்காவா, கடன் கொடுத்தவளா,
நான் கேட்கவில்லை.
அவன் லியேஜில் இருக்கிறான் என்று
நாக்கு நுனி வரை வந்ததை
விழுங்கினேன்.
'பல்புதான் போயிருக்கும்' என்றேன்.

'மூன்று வருடம்' என்றாள்.
'பிடிவாதக்காரன். ஒருநாள் அணைக்கட்டும்,
அன்றைக்கு மன்னிக்கலாம் என்று இருந்தேன்.'
பிறகு கதவுவரை போனாள்.
கையை உயர்த்தினாள்,
தட்டவில்லை.
கையுறையைச் சரிசெய்துகொண்டு
அதே பஸ்ஸில்
இறங்கிப் போனாள்.

சாவி பெனடெட்டாவிடம் இருந்தது,
சர்க்கரை ஜாடிக்குப் பின்னால்.
உள்ளே ஒரு நாற்காலி,
சுவரோடு ஒட்டிய கட்டில்,
திரையில்லாத ஜன்னலில் தொங்கும் ஒரு வயர்.
நாற்காலிமேல் ஏறி மாற்றினேன்.
கடையில் நாற்பது வாட் இல்லை,
அறுபது வாங்கியிருந்தேன், என் காசில்.

நல்லதா செய்தேன், தெரியவில்லை.
ஒரு பொய்க்கு எண்ணெய் ஊற்றினேனோ என்னவோ.
அன்றிரவு கீழே
ஆயிரம் விளக்குகளில் எது அவளுடையது என்று
நெடுநேரம் நின்று தேடினேன்.
பிறகு பனி வந்து
எல்லாவற்றையும் ஒரே துடைப்பில் துடைத்தது.

அடுத்த மாதம் பதினோராம் எண்: நாற்பத்து மூன்று.
லியேஜில் ஒருவன்
பில்லைக் கையில் வைத்துக்கொண்டு
தலையைச் சொறிந்திருப்பான்.
வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று
நினைத்திருப்பானோ?

பணம் வந்தது.
தேதி தவறாமல்.