துணைக்கால்

மாசி மாசம் பாலத்தின் இரண்டு வாயிலும்
தார்ப்பீப்பா வைத்துச் சிவப்பு நாடா கட்டினார்கள்.
எந்த மொழியிலும் ஒன்றும் எழுதவில்லை.
ஒரு மண்டையோடு வரைந்திருந்தது,
அது எல்லாருக்கும் விளங்கும்.

அன்றிலிருந்து ஏழாம் நம்பர் மலைக்கு
ஸ்டோர் ரோட்டால் சுற்றி மூன்று கட்டை.
பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்.
பழுது பாலத்துக்கு,
பாதியானது எங்கள் பேர்.
"ஆறு என்ன உங்களைப் பிடித்தா வைத்திருந்தது?"
என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.
"ஆமாங்கய்யா" என்றாள் யோகராணி.
அதற்கும் அரைப்பேர்தான்.

கொங்கிரீட் போட்டுத் தாங்க என்று
எண்பத்தாறு கையெழுத்து, பதினொரு கைநாட்டு
வைத்து அனுப்பினோம்.
கண்டியிலிருந்து ஹேரத் ஐயா வந்தார்.
இது மரபுச் சின்னம்,
நூற்றுப் பதினெட்டு வயசு,
நினைத்தபடி ஓர் ஆணிகூட மாற்ற ஏலாது என்றார்.
முழங்காலில் நின்று ஆணிகளை எண்ணினார்:
இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.
நல்ல மனுசன். இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தோம்,
எங்கள் லயத்து வாசலில் நின்றுதான் குடித்தார்.
லயத்துக்கும் அதே வயசு.
தலைக்கு மேல் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று
அவரும் எண்ணவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

ஆனியில் வேலை தொடங்கியது.
மழையும் அன்றைக்கே தொடங்கியது.
கீழ்நாட்டு நிஷாந்த ஒட்டுவேலைக்கு,
மருதை கயிற்றுக்கு,
துருச் சுரண்ட பெண்டுகள் பன்னிரண்டு பேர்.
கொழுந்துப் படங்கையே இடுப்பில் கட்டிக்கொண்டு
சுரண்டினோம்:
வெள்ளிச் சாயம், அதற்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை,
பிறகு ஈயச் சிவப்பு,
பிறகு இரும்பு, குளிர்ந்துபோய்,
இப்போதுதான் கப்பலால் இறக்கியதுபோல.

வார்த்த கம்பெனியின் பேர்
கையகல எழுத்தில் நாலு இடத்தில் இருந்தது.
ஐந்தாவது இடம் வேறு.
நடு உத்தரத்தின் உள்பக்கம்
குனிந்தால் மட்டும் தெரிகிற மூலையில்
உளியால் கீறிய கோடுகள்.
யோகராணிதான் கண்டாள்.
இருபத்தேழு கோடு.
அதில் ஒன்று மட்டும் பாதி.

ஹேரத் ஐயா படம் பிடித்தார்,
அடிமட்டம் வைத்து அளந்தார்.
"உளி வழுக்கியிருக்கும்" என்றார், அந்தப் பாதிக்கோட்டை.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
யோகராணி வாயைப் படங்கால் பொத்திக்கொண்டு
சிரித்தாளா என்னவோ,
தோள் குலுங்கியது.
அந்த மூலைக்கு மட்டும்
சாயம் மெல்லியதாகப் பூசினோம்.

திறப்பு விழாவுக்கு மேளம், வடை,
நாடா வெட்ட ஒரு பெரியவர், அவருக்குக் குடை பிடிக்க இருவர்.
திரைச்சீலையை இழுத்தால் புதுப்பலகை.
சிங்களம் சரி. இங்கிலீசும் சரி என்றான் மருதையின் மகன்.
எங்கள் மொழியில் மட்டும்
"பழைய இரும்புப் பலம்."

கை தட்டினோம். வேறென்ன செய்ய.
பலமென்றாலும் நல்ல சொல்தானே என்றார் தலைவர்.
ஹேரத் ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது:
கடிதம் போடுகிறேன், கொழும்பில் பார்ப்பார்கள்,
ஆறு மாசம் ஆகலாம்.

திங்கட்கிழமை விடியக் காலமே
பனி ஆற்றைவிட்டு எழும்பவில்லை.
டின்பால் பேணியில் மிச்சச் சிவப்பு,
வேப்பங்குச்சி கிடைக்காத ஊரில்
ஒரு தேயிலைக் குச்சியை மென்று தூரிகையாக்கி
பலகைக்கு முன்னால் நிற்கிறாள் யோகராணி.
ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.
பகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே
விரல் நுழையாத இடம்.
அதற்குள் ஒரு துணைக்கால் இறக்கினாள்.
சாயம் வழிந்தது.
கால் சற்று நீண்டு
பலகையின் கீழ்விளிம்பு வரை போய்
ஆற்றைத் தொடப் பார்த்தது.

பிரட்டுக்கு ஏழு நிமிசம் பிந்திவிட்டாள்.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.
பாலத்துக்கு முழுப்பேர்.

நகத்துச் சிவப்பு போக ஒரு கிழமை ஆனது.
கொழுந்தில் பட்டால் திருப்பி அனுப்புவார்களென்று
அந்த விரலை மடக்கிக்கொண்டே ஆய்ந்தாள்.